சீட்டு விழுந்த வீட்டுக்குப் பிள்ளை

வேலு, நீ சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விட்டாய்.

இதைக் கோபத்தில் எழுதவில்லை என்று சொன்னால் அது பொய். கோபம்தான். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மாவு பிசையும்போதும் அதே நினைப்பு, அடுப்பில் விறகு தள்ளும்போதும் அதே நினைப்பு. செவ்வாய்க்கிழமை ரொட்டியில் உப்புப் போட மறந்துவிட்டேன். பங்களாக்களிலிருந்து எல்லாம் திரும்பி வந்தது. பேக்கரி மேஸ்திரி என்னைப் பார்த்து, "கல்யாண வீட்டுக்காரன், புத்தி இங்க இல்ல" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். என் மகன் என்ன செய்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னைப் பற்றி ஒருவரிடம் சொல்ல வாய் வராமல் போனது இதுதான் முதல் தடவை.

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. வேண்டுமென்றுதான் திறந்தபடி அனுப்புகிறேன். நீ படித்ததும் பெண் வீட்டில் கொடு. கமலம் படிக்கட்டும். அவள் அப்பா வாத்தியார், அவரும் படிக்கட்டும். அடுத்த மாதம் உனக்கு மனைவியாக வரப்போகிறவளுக்குத் தெரியக்கூடாத விஷயம் எதுவும் என் வீட்டில் நடந்ததில்லை. நீதான் தெரியக்கூடாது என்று வைத்திருக்கிறாய். கமலம், உனக்காக நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன் அம்மா, பொறுமையாகப் படி.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஜோகுபாளையத்தில், சீட்டு நடத்துகிற சவுரியம்மா வீட்டு வாசலில் வழக்கம்போல மாதச் சீட்டு. பத்து வீடு சேர்ந்து போடுகிற சீட்டு அது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, பெயர்களைத் துண்டுக் காகிதங்களில் எழுதிக் கலயத்தில் போட்டுக் குலுக்குவார்கள். யார் பெயர் வருகிறதோ அவர்களுக்கு மொத்தப் பணமும். வட்டி கிடையாது. கல்யாணமோ கருமாதியோ கூரையோ, வட்டிக்காரன் வாசலுக்குப் போகாமல் எங்கள் தெரு பிழைத்தது இந்தக் கலயத்தால்தான். இப்போது கலயத்துக்குள் கைவிட்டுச் சீட்டை எடுப்பவள் கனகா. ஐந்து வயதுப் பெண். போன வருஷத்து விஷக்காய்ச்சலில் அவள் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். சீட்டு யாருக்கு விழுகிறதோ அந்த வீட்டில் அந்த மாதம் அவள் இருப்பாள். இது எங்கள் முறை.

கனகா கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தாள். சவுரியம்மாவுக்கு இப்போது கண் மங்கல், அதனால் நான்தான் பிரித்துப் படித்தேன். உன் பெயர். எல்லாரும் சிரித்தார்கள். "மாப்பிள்ளைக்குச் சாமியே சீர் குடுத்துட்டாரு பாரு!" என்றாள் ஒருத்தி. நீ புதுக் கைக்குட்டையை விரித்துப் பணத்தை வாங்கி முடிந்துகொண்டாய். கனகாவுக்குப் பணம் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பெயர் படித்தால் மூட்டையை எடுக்க வேண்டும். உள்ளே போய்த் தன் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். யாரும் சொல்லாமல் உன் சைக்கிள் பக்கத்தில் போய் நின்று, பின்னால் இருக்கிற கேரியரைப் பிடித்துக்கொண்டாள்.

நீ என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாய்: "இப்ப எப்படிப்பா? கல்யாணம் முடியட்டும். பிரேசர் டவுன்ல அவங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் வீடு பிடிச்சிருக்கேன். பாத்தா என்ன நினைப்பாங்க?" அப்போது நீ இன்னொன்றும் சொன்னாய். "நான் ஒண்டிக்கட்டைப்பா. ஒரு ஆம்பளை தனியா எப்படி ஒரு குழந்தையப் பாத்துக்க முடியும்?"

அதை நீ என்னிடம் கேட்டாய், வேலு. உலகத்தில் வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் எனக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

பிறகு சைக்கிளிடம் போய்க் கேரியரிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாய். மெதுவாகத்தான் எடுத்தாய், வலிக்காமல் எடுத்தாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முரட்டுத்தனமாக இழுத்திருந்தால் உன்னைக் கெட்டவன் என்று நினைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நீ கெட்டவன் இல்லை. கூச்சப்படுகிறவன். கூச்சப்படுகிறவர்கள் செய்கிற கெடுதலுக்குச் சத்தம் இல்லை, அவ்வளவுதான்.

நீ பெல் அடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாய். அவள் குழாயடி முனைவரை உன் பின்னால் ஓடினாள். அங்கேயே மூட்டையோடு நின்றாள். வெயில் இறங்கும்வரை நின்றாள். நான் போய்க் கூப்பிட்டபோது என்னைப் பார்த்து, "அந்த மாமா சைக்கிளுக்குக் காத்தடிக்கப் போயிருக்குதா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அந்தப் பொய்யை நான் சொன்னது உனக்காக.

கமலம், இவனுக்கு என்ன தெரியும், எதை மறைக்கிறான் என்று உனக்குப் புரிய வேண்டும். உன் வீட்டில் இவன் என்னைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறான் என்று எனக்குத் தெரியும். அப்பா பேக்கரியில் மானேஜர், அம்மா சின்ன வயதிலேயே இறந்துவிட்டாள். நான் மானேஜர் இல்லை, மாவு பிசைகிறவன். இவன் அம்மா என்று எந்த ஒருத்தியைச் சொல்கிறான் என்று எனக்கே தெரியாது. இவனுக்கு அம்மா என்று சொல்ல ஒரு தெருவே இருக்கிறது.

இவனைப் பெற்றவள் முனியம்மா. எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தாள். பிளேக் வந்த வருஷம். முதலில் எலிகள் செத்தன, பிறகு மனிதர்கள். வீட்டுக்கு வீடு சர்க்கார் ஆட்கள் வந்து சுண்ணாம்பு அடித்தார்கள், ஓட்டைப் பிரித்தார்கள், நோய் கண்டவர்களை ஊருக்கு வெளியே கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. முனியம்மாவின் புருஷன் போனான். அக்குளில் நெறி கட்டியது தெரிந்ததும் அவள் என்ன செய்தாள் தெரியுமா? பக்கத்து வீட்டு ஹமீதா பீயைப் பின்சுவருக்குக் கூப்பிட்டாள். பிள்ளையைத் துணியோடு சுவர்மேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றாள். "தொடாம எடுத்துக்க அக்கா, துணிய அங்கயே போட்டுடு" என்றாளாம். ஹமீதா பிள்ளையை எடுத்துக்கொண்டு துணியைச் சுவருக்கு அந்தப் பக்கமே தள்ளிவிட்டாள். முனியம்மா அந்தத் துணியை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அதன் பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை. அதே வாரம் என் மனைவியும் போனாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு கறவை ஆடு வாங்க வேண்டும் என்று சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நோய் தணிந்து மிச்சம் இருந்தவர்கள் மறுபடி கூடியபோது இரண்டு கேள்விகள் வந்தன. முனியம்மா சீட்டில் போட்டிருந்த பணத்தை என்ன செய்வது, அவள் பிள்ளையை என்ன செய்வது. அந்தச் சமயத்தில் ஒரு கனவான் குதிரைவண்டியில் தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்தார். அநாதைப் பிள்ளைகளை எடுத்து வளர்க்கிறாராம். வேலு, எங்கள் தெருவிலும் அவர் வண்டியை நிறுத்தி ஹமீதாவின் இடுப்பில் இருந்த உன்னைக் கைத்தடியால் காட்டி, "இதக் குடுங்க. சோறு போடறேன். பெரியவனானா மாட்டப் பாத்துக்கட்டும்" என்றார். சவுரியம்மா வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். "பால் குடிக்கிற பிள்ளைக்கு இப்பவே மாடு பேசறீங்களே சாமி, அது பல்லு முளைக்கறதுக்குள்ள எத்தனை மாடு வாங்கி வெப்பீங்க?" தெருவே சிரித்தது. அவர் வண்டியைத் திருப்பச் சொன்னார். அவர் பெயரை எந்தக் கல்லிலாவது இன்றைக்குத் தர்மவான் என்று செதுக்கி வைத்திருப்பார்கள்.

சிரித்தது சரி, யார் வளர்ப்பது? எல்லா வீட்டிலும் அரைவயிறுதான். ஒரு வீடு ஏற்றுக்கொண்டால் அந்த வீடு முழுகிவிடும். சவுரியம்மாதான் வழி சொன்னாள். "சீட்டு எந்த வீட்டுக்கு விழுதோ, அந்த மாசம் பிள்ளை அந்த வீட்டுக்கு. கையில காசு இருக்கற மாசம் எந்தப் பிள்ளையும் பட்டினி கிடக்காது. முனியம்மா போட்ட காசு பாலுக்கு." ஹமீதா, "பாலுக்குக் காசு நக்கோ, வேணாம், எனக்கு ஊறுது, மூணு வேளையும் எங்கிட்ட கொண்டு வாங்க, போதும்" என்றாள். அவளுக்கு அப்போது கைக்குழந்தை இருந்தது. பால் கொடுத்தவளுக்கு அவர்கள் வழக்கத்தில் பெற்றவளுக்குச் சமமான உரிமை உண்டு என்று பிறகு ஒரு நாள் எனக்குச் சொன்னாள். அந்த உரிமையை அவள் உன்னிடம் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாளா?

அப்படித்தான் நீ வளர்ந்தாய். ஒவ்வொரு மாதமும் ஒரு வீடு, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெயர். சவுரியம்மா வீட்டில் அந்தோணி, ஹமீதா வீட்டில் பாபு, எதிர்வீட்டில் முனியன். உன் கழுத்தில் ஒரே கறுப்புக் கயிற்றில் அந்தோணியார் சுரூபமும் தாயத்தும் சேர்ந்து தொங்கின. எந்த வீட்டில் எந்தப் பெயருக்குத் திரும்ப வேண்டும் என்று ஒரு வயதுக்குள் உனக்குத் தெரிந்திருந்தது.

என் மனைவி போட்ட சீட்டை நான் விடாமல் தொடர்ந்தேன். பத்துப் பேரில் நான் ஒருவன்தான் ஆண். மாதம் தவறாமல் பணம் கட்டினேன். என் பெயர் மட்டும் வரவே இல்லை. மாதங்கள் போயின. ஒரு நாள் கேட்டுவிட்டேன். சவுரியம்மா மறைக்கவில்லை, இடுப்பில் இருந்த சுருக்குப்பையைத் தட்டிக் காட்டினாள்.

"உன் சீட்டு இங்க இருக்கு தம்பி. கலயத்துல போடல. கடைசியில போடுவேன்."

"ஏன் அக்கா? நானும் எல்லாரையும்போலப் பணம் போடறேனில்ல?"

"பணம் யாரு வேணாலும் போடுவாங்க. நீ ஒண்டியா இருக்கற ஆம்பளை. பிள்ள வந்தா என்ன குடுப்ப?"

"ஊர்ல இருக்கற துரைங்களுக்கெல்லாம் நான்தான் ரொட்டி சுடறேன் அக்கா."

"துரை ராத்திரி அழுதா இடுப்புல வெச்சுத் தூங்க வெப்பியா?"

ஹமீதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. வீட்டுக்கு வந்து யாரும் பார்க்காமல் ஒரு மாவுப் பையை இடுப்பில் வைத்து நடந்து பார்த்தேன். இதைச் சொன்னால் நீ சிரிப்பாய். சிரி.

கடைசியில் வேறு பெயர் எதுவும் மிச்சம் இல்லாதபோது என் சீட்டை எடுத்தார்கள். நீ அப்போது நடக்கத் தொடங்கியிருந்தாய். பணத்தை மடியில் செருகிவிட்டு, பழகி வைத்திருந்தபடி உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டேன். முதல் இரண்டு நாள் நீ அழுத அழுகையில் தெருவே என் வாசலில் நின்றது. ஒவ்வொருத்தியாக வந்து பானையைத் திறந்து பார்ப்பாள், உன் வயிற்றை அமுக்கிப் பார்ப்பாள். நான் பாலில் ரொட்டி ஊறவைத்துக் கொடுப்பதைப் பார்த்துவிட்டுச் சவுரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பிள்ளைக்கு ரொட்டியா குடுக்கற? அது என்ன காய்ச்சல்ல விழுந்த ஆளா?" ஆனால் நீ தின்றாய். மேல் தோலைத் தள்ளிவிட்டு உள்ளே இருக்கிற மெத்தென்ற பாகத்தை மட்டும் தின்றாய். இன்றைக்கும் அப்படித்தான் தின்கிறாய். கமலம், நீ கவனித்திருப்பாய்.

வேலைக்கு உன்னையும் தூக்கிக்கொண்டு போனேன். பேக்கரி அடுப்புக்குப் பக்கத்துச் சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அதன் அடியில் ஒரு மரப்பெட்டியில் சாக்கை மடித்துப்போட்டு உன்னைப் படுக்கவைத்தேன். மாவு பறந்து உன் கண்ணிமையெல்லாம் வெள்ளையாகும். தும்முவாய். தும்மிவிட்டு நீயே திடுக்கிட்டு என்னைப் பார்ப்பாய், நான்தான் ஏதோ செய்துவிட்டதுபோல. முதலாளி முதல் நாள் திட்டினார், இரண்டாம் நாள் முறைத்தார், பிறகு அவரே பிஸ்கோத்து உடைத்துப் போட ஆரம்பித்தார். ஒரு மாதத்தில் நான் ஒன்று தெரிந்துகொண்டேன். குழந்தை வளர்க்கப் பெரிய மனசு தேவை என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அப்போது மனசே இல்லை, என் மனைவியோடு போயிருந்தது. இருந்தது ஒரு பெட்டியும் சாக்கும் மீந்துபோன ரொட்டியும்தான். அது போதுமாக இருந்தது.

மாதம் முடிந்தது. புதுச் சுற்று. எல்லாப் பெயரையும் மறுபடி எழுதிக் கலயத்தில் போட்டார்கள். அதுவரை குலுக்கி எடுத்தது சவுரியம்மா. அன்றைக்கு ஹமீதா, "பச்சாவே எடுக்கட்டும், யாரு வீட்டுக்குப் போகணும்னு அவனே சொல்லட்டும்" என்றாள். நீ என் மடியில் இருந்தாய். கலயத்துக்குள் கையைவிட்டாய். ஒரு சீட்டை எடுத்தாய். எடுத்த வேகத்தில் வாயில் போட்டுக்கொண்டாய். நான் விரலை விட்டுத் தோண்டினேன், சவுரியம்மா முதுகில் தட்டினாள், ஹமீதா மூக்கைப் பிடித்தாள். நீ எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு விழுங்கிவிட்டாய்.

எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். மீதி இருந்த சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தால் எந்தப் பெயர் இல்லை என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அது அங்கே இருந்த ஒவ்வொருத்திக்கும் தெரியும். சவுரியம்மா என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் கலயத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் அடுப்பில் கவிழ்த்துவிட்டு வந்தாள். "சீட்ட அவனே தின்னுட்டான். இனி அது யாரு பேருன்னு அவன் வயித்துக்குத்தான் தெரியும். இந்த மாசக் காசு ஹமீதாவுக்கு. அவ புருஷனோட ஜட்கா குதிர நேத்து செத்துப்போச்சு. பிள்ள, இருக்கற எடத்துல இருக்கட்டும்" என்றாள். யாரோ ஒருத்தி அன்றைக்குத் தன் முறைப் பணத்தை விட்டுக்கொடுத்தாள். யார் என்று அவளுக்கே தெரியாது. எவளும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்படித்தான் நீ என் மகன் வேலு ஆனாய். ஆனால் முறை முழுசாகப் போகவில்லை. அந்தந்த மாதம் சீட்டு விழுந்த வீட்டில்தான் உனக்கு ஞாயிற்றுக்கிழமைச் சோறு. பள்ளிக்கூடத்துச் சம்பளம், சட்டைத் துணி, உனக்கு அம்மை வார்த்தபோது வேப்பிலை கட்டி வாசலில் உட்கார்ந்தது, எல்லாம் முறை போட்டுத்தான் நடந்தது. நீ குமாஸ்தா வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் சீட்டில் சேர்ந்த அன்று சவுரியம்மா கலயத்தை உன் தலைமேல் கவிழ்த்துவைத்து, "சீட்டத் தின்னவன் சீட்டுப் போட வந்துட்டான்டி" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். நீ அப்போது வெட்கப்பட்டாய். அது நல்ல வெட்கம். இப்போது படுகிற வெட்கம் வேறு.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். நீ போன மறுநாள் ஒரு பங்களா பட்லர் வந்தான். துரைசானிக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம், ஆயாவுக்குக் கைத்துணையாக ஒரு சிறுபெண் வேண்டுமாம். கனகாவைக் கையைத் தூக்கச் சொல்லி, திரும்பி நிற்கச் சொல்லிப் பார்த்தான். "சோறு, துணி, படுக்க எடம் எல்லாம் அங்கயே. இங்க வீடு வீடா அலையறதுக்கு அது எவ்வளவோ மேல்" என்றான். எனக்கு அந்தக் குதிரைவண்டி ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சவுரியம்மா முன்னால் போய் நின்றாள். இன்றைக்கு அவளால் தடியில்லாமல் நிற்க முடியவில்லை. அந்தப் பழைய சீட்டுப் பெண்களில் பாதிப் பேர் காய்ச்சலில் போய்விட்டார்கள். அவர்கள் இடத்துக்கு வந்த மருமகள்களில் ஒருத்தி பட்லர் காதில் விழும்படியே கேட்டாள்: "படிச்ச பையன், சம்பளக்காரன், அவனே காச எடுத்துக்கிட்டுப் பிள்ளைய விட்டுட்டான். அடுத்த மாசம் எனக்கு விழுந்தா நான் மட்டும் என்ன ஏமாந்தவளா?" பட்லர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பதிலுக்கு வருகிறான்.

நீங்களே வைத்துக்கொள்ளலாமே அப்பா என்று நீ கேட்பாய். இந்த வாரம் என்னிடம்தான் இருக்கிறாள். பேக்கரிக்கு வருகிறாள். அந்தப் பழைய பெட்டியில் அவள் கால் அடங்கவில்லை, வெளியே நீட்டிக்கொண்டு தூங்குகிறாள். மாவு நெஞ்சில் அடைத்து எனக்கு மூச்சு வாங்குகிறது என்பது ஒரு பக்கம், அதை விடு. இருக்கிறவரை வைத்துக்கொள்வேன் என்று சவுரியம்மாவிடம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ வெச்சுக்குவ தம்பி, எனக்குத் தெரியும். நீ வெச்சுக்கிட்டா மத்தவங்க காச மட்டும் எடுத்துக்குவாங்க. அப்புறம் இது உன் ஒருத்தன் தர்மம். நீ இரும இரும அதுவும் இருமும். வேலு வந்து எடுத்துக்கிட்டாச் சீட்டு நடக்கும். இல்லன்னா ஞாயித்துக்கிழமையோட கலயத்தக் கவுத்துடறேன். பிள்ளைய அந்த ஆளோட அனுப்பிடறேன்." அவள் மிரட்டலுக்குச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

அவள் சொன்னதில் தப்பு இல்லை, வேலு. நான் தர்மம் செய்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பண்டிகைக்கு ஒரு தடவை வண்டியில் வந்து அநாதைப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துவிட்டு, கை பிசுபிசுக்கிறது என்று கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு போவார்கள். மிட்டாய் தீர்ந்த பிறகு அந்தப் பிள்ளை எங்கே படுக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் தெருவில் யாரும் தர்மம் செய்யவில்லை. முறை வந்தது, செய்தார்கள். பிடித்தவளும் செய்தாள், முணுமுணுத்தவளும் செய்தாள். எதிர்வீட்டுக்காரிக்கு உன்னைக் கண்டாலே ஆகாது, உன் அழுகை தலைவலி என்பாள். அவள் மாதத்திலும் உனக்கு எண்ணெய் தேய்த்துத்தான் குளிப்பாட்டினாள். யாருடைய நல்ல மனசையும் நம்பி நீ வளரவில்லை. அதனால்தான் நீ உயிரோடு இருக்கிறாய்.

வாத்தியார் ஐயா, என் மகனை நல்ல குடும்பத்துப் பையன் என்று யாரோ உங்களிடம் சொன்னார்களாம். அது உண்மை. பத்து வீட்டுக் குடும்பம். அதைக் கேட்டு நீங்கள் முகம் சுளித்தால் இந்தக் கல்யாணம் நின்றுபோகலாம், எனக்கு அந்தப் பயம் இருக்கிறது. இவன் கமலத்தின் பெயரைச் சொல்லும்போது கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுச் சொல்கிறான், அவ்வளவு பிரியம். அது உடைந்தால் நான்தான் உடைத்தவனாவேன். தெரிந்துதான் எழுதுகிறேன். கமலம், நீ இவனைக் கட்டிக்கொண்டு இருபது வருஷம் கழித்து எங்கேயோ கடைவீதியில் ஒரு கிழவி இவனைப் பாபு என்று கூப்பிட்டு, இவன் திரும்பாமல் நடந்துபோவதைப் பார்ப்பதைவிட இன்றைக்கே உனக்குத் தெரிவது நல்லது.

வேலு, உன் வீட்டில் இரண்டு அறை இருக்கிறது என்று சொன்னாய். ஒன்றில் வெயில் வருகிறதாம். கனகா அதிகம் சாப்பிட மாட்டாள். காரம் ஆகாது. தூங்கும்போது ஏதாவது துணி நுனி கையில் இருக்க வேண்டும், உன் வேட்டி நுனி போதும். பெயர் மாற்றாதே, அவளுக்கு அவள் அம்மா வைத்த பெயர் தெரியும். ஒரு மாதம்தான். அடுத்த மாதம் கலயத்தில் கைவிட்டு அவளே வேறு வீட்டைச் சொல்வாள். ஒருவேளை சீட்டைத் தின்றாலும் தின்பாள், அது உன் பாடு.

தினமும் சாயங்காலம் குழாயடி முனைக்குப் போய் நிற்கிறாள். மூட்டையை அவிழ்க்கவே மாட்டேன் என்கிறாள். அவிழ்த்தால் மறுபடி கட்ட நேரமாகுமாம், அந்த மாமா காத்திருக்கமாட்டாராம். நேற்று என்னிடம், "எவ்வளவு பெரிய சக்கரம் தாத்தா, இன்னுமா காத்தடிக்குது?" என்று கேட்டாள்.

காற்றடித்தது போதும், வேலு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் வந்து உன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ.